தேஜஸும் ஆம்லெட்டும்

மூன்று வருடங்களுக்கு முன்பு ஆட்டுக்கறி தின்பதை நிறுத்தினேன். பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுத் தட்டில் கறி இருந்தது, கை போகவில்லை. அடுத்த ஞாயிறும் போகவில்லை. பிறகு கோழியும் நின்றது. மீனும் முட்டையும் தோன்றும்போது சாப்பிடுவேன். இதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. கேட்கிறவர்களுக்குத்தான் அது போதவில்லை.

முதலில் அக்காவின் கணவர். ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று தேவதானத்தில் விவசாயம் பார்க்கிறவர். நான் வருகிறேன் என்று கிடாய் அறுத்திருந்தார். ரசம் போதும் என்றதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

“மாப்ள, மாலை கீலை போட்டிருக்கியா?”

“இல்ல அத்தான்.”

“டாக்டர் சொன்னாரா?”

“இல்ல.”

“அப்ப எங்க வீட்டுக் கறி இறங்கலையாக்கும்.”

அக்கா ஓடி வந்து என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். “எம்புட்டு நாளா தம்பி இப்படி இருக்கு?” நான் ரத்த வாந்தி எடுத்ததைப் போலக் கேட்டாள்.

எனக்கு வேலை ஸ்ரீவில்லிபுத்தூரில். அடுத்த மேசைக்காரர் ஏழு வருடமாக என் டிபன் பாக்ஸுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்தே சாப்பிட்டு வந்தவர். சில மாதங்களாக என் பாக்ஸில் கீரையும் தயிர்சாதமும் வருவதைக் கவனித்திருக்கிறார். ஒரு நாள் நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

“மாறிட்டீங்க போல சார்! உங்க முகத்துல ஒரு தேஜஸ் வந்திருக்கு.”

அன்றே தன் வீட்டுத் தேங்காய்த் துவையலில் பாதியை எனக்குத் தள்ளினார். அடுத்த வாரம் வீட்டுக்குக் கூட்டிப்போய் வெள்ளி டம்ளரில் காபி கொடுத்தார். ஏழு வருடத்தில் அந்த வாசல்படியை அன்றுதான் தாண்டினேன். என் படிப்பும் வேலையும் பழக்கமும் செய்யாததைத் தயிர்சாதம் செய்துவிட்டது. கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, பெருமையாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து தேஜஸ் விஷயத்தை மனைவியிடம் சொன்னேன்.

“எண்ணெ வடியுது. மொகத்தக் கழுவிட்டு வாங்க” என்றாள்.

அவர் வீட்டு மாடி காலியானது. என் மகளின் பள்ளிக்குப் பக்கம் என்பதால் கேட்டேன். கேட்டில் ‘சைவம் மட்டும்’ என்று போர்டு தொங்கியது. “அது மத்தவங்களுக்கு. நீங்கதான் நம்ம ஆளு ஆயிட்டீங்களே” என்றார். நான் வாயைத் திறந்து மீனையும் முட்டையையும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்த வாரத்தில், ஒரு சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு அருகே தள்ளுவண்டியில் ஆம்லெட் தின்றுகொண்டு நின்றேன். அவர் பக்கத்துக் கடைக்கு வாழைப்பழம் வாங்க வந்தார்.

“என்ன சார் இது?”

“ஆம்லெட் சார்.”

“சைவம்னு சொன்னீங்களே!”

“நான் எப்ப சொன்னேன்? நீங்கதான் சொன்னீங்க.”

அவர் பழத்தை வாங்காமலே போய்விட்டார். மறுநாள் அவருடைய நாற்காலி சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது. மாடிக்கு மகன் குடிவரப் போகிறானாம். எனக்குத் தெரிந்து அவருக்கு இரண்டு மகள்கள் மட்டும்தான். வீடு போனதில் வருத்தமில்லை. முட்டை தின்கிறவன் என்று முதலிலேயே சொல்லாமல் அந்தக் காபியை ரசித்துக் குடித்தேனே, அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

மூட்டைகளைப் பிரித்துக்கொண்டே மனைவி என் அக்காவுக்குப் போன் போட்டு, “ஆம்லெட்டத் தின்னு வீட்டக் கெடுத்துட்டாவ” என்று சொல்லிவிட்டாள். மறுநாள் காலை அத்தான் ஒரு வாளி நிறையக் கண்மாய் மீனோடு வந்து இறங்கினார். முகமெல்லாம் சிரிப்பு.

“திருந்திட்டியே மாப்ள, அது போதும்!”

இரண்டு துண்டு சாப்பிட்டேன். ருசியாக இருந்தது. மீதியைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தோம். தான்தான் என்னை மீட்டுக் கொண்டுவந்ததாக அத்தான் சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறார். வத்திராயிருப்பிலிருந்து சித்தப்பா போன் செய்து என்னை வாழ்த்தினார். நான் கீரைச்சாதம் பிசைந்துகொண்டே நன்றி சொன்னேன்.