வட்டி கட்டாத ரவிச்சந்திரன்

ஆவடி குவார்ட்டர்ஸில் ரவிச்சந்திரனைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது ஒன்றுதான்: மனிதர் வாழ்நாளில் ஒரு ரூபாய் வட்டி கட்டியதில்லை. இதை எல்லோரிடமும் அவரே சொல்லி வைத்திருந்ததால், விசாரித்துச் சரிபார்க்கும் சிரமம் யாருக்கும் இருக்கவில்லை. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர். ஸ்டோர்ஸ் பிரிவு. ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம். வண்டிக் கடன் வாங்கவில்லை, சைக்கிளில் போனார். வீட்டுக் கடன் வாங்கவில்லை, அதனால் வீடும் வாங்கவில்லை. கடன் போட்டு வீடு கட்டிய சக ஊழியர்களைப் பார்த்து, "இருபது வருஷம் பேங்க்காரனுக்குக் கூலி வேலை பார்க்கப் போறீங்களா?" என்று கேட்பார். அந்த வீட்டுக் கிரகப்பிரவேசப் பந்தியில் உட்கார்ந்து, பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே கேட்பார்.

இப்படிப்பட்டவரின் பர்ஸில் ஆறு கிரெடிட் கார்டுகள் இருந்தன. இதில் முரண்பாடு எதுவும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. வட்டி இருந்தால்தானே கடன்? கார்டுக்காரன் பூஜ்ஜிய வட்டி என்கிறான். பூஜ்ஜியத்தைக் கண்டுபிடித்ததே நாம்தான் என்று மார்தட்டும் நாட்டில் அந்த எண்ணுக்கு மயங்காதவர்கள் குறைவு. ரவிச்சந்திரன் மயங்கியதோடு நிற்காமல், அதை வைத்து ஒரு தொழிலே தொடங்கிவிட்டார்.

தொழில் எளிமையானது. இணையத்தில் தள்ளுபடி விற்பனை வரும்போது விலை கூடிய செல்போன்களை வட்டியில்லாத் தவணையில் வாங்குவார். சீல் பிரிக்காத பெட்டியைக் குமணன்சாவடியில் செல்போன் கடை வைத்திருக்கும் யூசுப்பிடம் கொண்டுபோய்க் கொடுப்பார். யூசுப் விலையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு ரொக்கம் தருவார். அந்த ரொக்கம் அன்றே பங்குச் சந்தைக்குப் போய்விடும். தவணையை மாதாமாதம் மெல்லக் கட்டலாம். அதற்குள் பங்கு குட்டி போட்டுவிடும் என்பது ஏற்பாடு.

மனைவி கஸ்தூரி ஆரம்பத்திலேயே கேட்டாள். "யூசுப் பாய் குறைக்கிறது ஒண்ணு, பேங்க்ல ப்ராசஸிங் ஃபீஸ் ஒண்ணு, அதுக்கு மேல ஜிஎஸ்டி. இதெல்லாம் வட்டி இல்லாம வேற என்னங்க?"

"அதுக்குப் பேரு கழிவு."

"பேரை மாத்தி வச்சா பில்லு குறைஞ்சிருமா?"

"உனக்கு ஃபைனான்ஸ் சொன்னா புரியாது கஸ்தூரி."

அவர் சம்பளத்தில் முப்பது வருடம் குடும்பம் நடத்தி, மிச்சமும் பிடித்தவள் அடுப்பைப் பார்க்கப் போனாள்.

இரண்டு வருடம் சந்தை ஏறியது. ஏறுகிற சந்தையில் எல்லோரும் மேதைகள்தாம். ரவிச்சந்திரன் கொஞ்சம் கூடுதல் மேதை. சொந்தக் கார்டுகளின் வரம்பு தீர்ந்ததும் அடுத்தவர் கார்டுக்கு வந்தார். அதற்குக் குவார்ட்டர்ஸில் ஏற்கெனவே ஒரு வழக்கம் இருந்தது. ஏணி, துளை போடும் மெஷின் போலக் கார்டும் அங்கே வீட்டுக்கு வீடு போய் வரும். கார்டு ஒருவருடையது, பொருள் இன்னொருவருக்கு. பொருள் வாங்கினவர் தவணையைத் தவறாமல் கொடுத்துவிட வேண்டும். கார்டுக்காரருக்கு ரிவார்டு பாயிண்ட். அந்தப் பாயிண்டில் வந்த குக்கர்கள் பல வீடுகளில் விசிலடித்துக்கொண்டிருக்கின்றன. பத்திரம், சாட்சி எதுவும் கிடையாது. மாடிப்படியில் நின்று ஓடிபி எண்ணைச் சத்தமாகச் சொல்வதுதான் ஒப்பந்தம்.

அப்படித்தான் மாடி வீட்டு அருளின் கார்டு அவருக்குக் கிடைத்தது. அருள் அதே ஸ்டோர்ஸ் பிரிவில் ஜூனியர், ஊர் வந்தவாசி, மனைவி பெயர் அஞ்சலை. "அக்கா மக கல்யாணம், சீர் செய்யணும்" என்று ரவிச்சந்திரன் சொன்னார். நான்கு செல்போன்களில் என்ன சீர் என்று அருள் கேட்கவில்லை. வட்டியே கட்டாத மனிதரிடம் கேள்வி கேட்க அவனுக்கு வாய் வரவில்லை.

பிறகு சந்தை இறங்கியது. ரவிச்சந்திரன் பணத்தைப் போட்டிருந்தவை இரண்டு சின்னக் கம்பெனிகள். முதல் கம்பெனி என்ன செய்கிறது என்று அவருக்குத் தெரியாது. இரண்டாவது கம்பெனி என்ன செய்கிறது என்று அதன் முதலாளிக்கே தெரியவில்லை என்பது பின்னால் தெரிந்தது. பங்குகள் பாதிக்குக் கீழே போயின. "வித்தாத்தான் நஷ்டம்" என்று சொல்லிக்கொண்டு, ஒரு கார்டின் தவணையை இன்னொரு கார்டிலிருந்து கட்டினார். சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து செல்போன் திரையையே பார்த்தார். கஸ்தூரி குழம்பை ஊற்றிவிட்டு, அது ஆறுவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அருள் இறங்கி வந்தான். முகமெல்லாம் பல்.

"அண்ணே, பட்டாபிராம் ஃபிளாட்டுக்கு லோன் ஓகே ஆயிடுச்சு!"

"நல்லதுப்பா." கூலி வேலை வசனம் அன்றைக்கு ஏனோ வரவில்லை.

"ஒரே ஒரு சிக்கல்ணே. என் கார்டுல நிக்கிற தவணையெல்லாம் மொத்தமா முடிச்சு, பாக்கி இல்லைன்னு லெட்டர் கொண்டாந்தாத்தான் திங்கக்கிழமை செக்குன்றாங்க. திங்கள் தாண்டுச்சுன்னா பில்டர் வேற பார்ட்டிக்குக் குடுத்துருவான். அட்வான்ஸும் திரும்பி வராது. அஞ்சலை நகையை வித்துக் குடுத்ததுண்ணே அது. அவகிட்ட இன்னும் இந்த லெட்டர் சங்கதியே சொல்லல, பயந்துருவா."

"எவ்வளவு நிக்குது?"

"ரெண்டு லட்சத்துச் சில்லறை. உங்களுக்கு அதெல்லாம் ஒரு விஷயமாண்ணே?"

"நாளைக்கே முடிச்சுடறேன்" என்றார் ரவிச்சந்திரன். அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று அவருக்கே ஆச்சரியம்.

அருள் போனதும் கதவைச் சாத்திவிட்டுச் செல்போனைத் திறந்தார். சந்தை மதியமே மூடிவிட்டது. இனி திங்கள் காலையில்தான் விற்க முடியும். விற்ற பணம் கைக்கு வர அதற்கும் மறுநாள். பங்குச் சந்தைக்குச் சனி, ஞாயிறு விடுமுறை உண்டு, கெடுவுக்குக் கிடையாது. அப்படியே எல்லாவற்றையும் விற்றாலும் பாதிதான் தேறும். விற்காமல் வைத்திருந்தாலும் நஷ்டம் நஷ்டம்தான் என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது. அருள் வீட்டில் மாடியில் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. அஞ்சலை எதற்கோ சிரித்தாள்.

சனிக்கிழமை காலை ஆறு கார்டுகளையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். பூந்தமல்லி வரைக்கும் பஸ், மெட்ரோ தூண்களுக்கு நடுவே ஊர்ந்து போனது. ஷேர் ஆட்டோ பிடித்துக் குமணன்சாவடியில் இறங்கியபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"வா அண்ணாத்தே, இன்னா இன்னிக்கு வெறுங்கையோட வந்துகினு கீற? பொட்டி எங்க?" என்றார் யூசுப்.

"பெட்டி இல்ல பாய். கார்டைத் தேய்ச்சுக் காசா குடுங்க. கழிவு எவ்வளவு வேணாலும் எடுத்துக்குங்க."

"அய்ய! நூறு ரூபா கழிவுக்கு அர அவரு சண்ட போட்ட ஆளு நீ. இன்னாபா ஆச்சு?"

ரவிச்சந்திரன் ஆறு கார்டுகளையும் மேஜைமேல் பரப்பினார். யூசுப் மெஷினை எடுத்தார். முதல் கார்டு மறுத்தது. இரண்டாவது மறுத்தது. ஒரு கார்டை வைத்து இன்னொரு கார்டை அடைக்கும் ஆள் அவர் என்று வங்கிகள் கண்டுபிடித்து, வரம்பையெல்லாம் சத்தமில்லாமல் வெட்டியிருந்தன. ஒவ்வொரு தடவை மெஷின் கத்தும்போதும் கடையில் கவர் மாட்டிக்கொண்டிருந்த கல்லூரிப் பெண் திரும்பிப் பார்த்தாள். ஐந்தாவது கார்டில் மட்டும் பன்னிரண்டாயிரம் வந்தது.

"பேங்க்காரன் மோப்பம் புட்ச்சிட்டான் அண்ணாத்தே" என்றார் யூசுப். "மீட்டரு வட்டிக்கு ஆளு கீறான். ஆனா உன்ன அவனாண்ட அனுப்ப மாட்டேன், நீ தாங்க மாட்ட. ஊட்ல அண்ணியாண்ட நக கீதா?"

"அதைக் கேக்கிற தகுதி எனக்கு இல்ல பாய்."

"தகுதியா? மாடி ஊட்டுப் பையனாண்ட நாலு போனு வாங்கச் சொல்லோ இன்னா தகுதியோட போன?"

பன்னிரண்டாயிரத்தை யூசுப் முழுசாக எண்ணிக் கொடுத்தார். "இதுக்குக் கழிவு வாணாம், போ." அதுவரை வாங்கிய அடிகளிலெல்லாம் அதுதான் ரவிச்சந்திரனுக்கு அதிகம் வலித்தது.

பஸ் ஸ்டாப்பில் நின்று மதுரையிலிருக்கும் மச்சினன் ஸ்ரீராமுக்குப் போன் போட்டார்.

"சொல்லுங்க அத்தான்! நானே கூப்பிடணும்னு இருந்தேன். ஹவுஸிங் லோன் போன மாசத்தோட முடிஞ்சிருச்சு. பேங்க்காரனுக்குப் பார்த்த கூலி வேலை ஓவர்!" ஸ்ரீராம் விழுந்து விழுந்து சிரித்தான்.

"சந்தோஷம் மாப்ள" என்று சொல்லி வைத்துவிட்டார். தன் வசனம் இவ்வளவு தூரம் போய் இத்தனை வருடம் உயிரோடு இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. மூன்று பஸ்களை விட்டுவிட்டார். லாரிகள் போகிற பெங்களூர் சாலையை அவர் பார்த்த விதம் நல்லதாக இல்லை. பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள், "சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வண்டிங்க கண்ணு மண்ணு தெரியாம வருது" என்று அதட்டியதால் தள்ளி நின்றார்.

வீட்டுக்கு வந்தபோது கஸ்தூரி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அஞ்சலை வந்துட்டுப் போனா. புது வீட்ல ஃபிரிட்ஜை எந்தப் பக்கம் வைக்கிறதுன்னு சாக்பீஸால நம்ம தரையில போட்டுக் காட்டினா. அழிக்காதீங்க, திரும்ப வருவாளாம்."

சமையலறை வாசலில் வெள்ளைக் கோட்டில் ஒரு சதுரம். ரவிச்சந்திரன் அதைத் தாண்டப் பார்த்து, முடியாமல், அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். சொன்னார். நான்கு செல்போன், இல்லாத அக்கா மகள் கல்யாணம், இரண்டு கம்பெனி, திங்கட்கிழமை எல்லாவற்றையும் சொன்னார். கழிவு என்ற வார்த்தை மட்டும் வரவில்லை.

கஸ்தூரி கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள். எழுந்து போய் பீரோவைத் திறந்தாள்.

"உங்களுக்குன்னா ஒரு குண்டுமணி தர மாட்டேன். அந்தப் பொண்ணு ஏற்கெனவே ஒரு தடவை நகையை வித்திருக்கா. அவளுக்குத்தான்." ஆரத்தையும் இரண்டு வளையலையும் மஞ்சள் துணியில் முடிந்தாள். "ஆனா நீங்க வரணும். உங்க பேர்ல, உங்க கையெழுத்துல."

ஆவடி மார்க்கெட் பக்கம் ஓர் அடகுக் கடை. நகையை உரசி, நிறுத்துப் பார்த்த ஊழியர், "மாசாமாசம் வட்டி கட்டணும் சார். விட்டுட்டீங்கன்னா வட்டிக்கு வட்டி ஏறும்" என்றார்.

ரவிச்சந்திரன் விழித்தார்.

"அவருக்கு அந்தப் பழக்கம் இல்லைங்க" என்றாள் கஸ்தூரி. "கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க."

பணம் கணக்கில் ஏறிய உடனே, கடை வாசலில் நின்றபடியே அருளின் கார்டுக்கு முழுவதையும் அனுப்பினார். முன்கூட்டியே முடிப்பதற்கு ஒரு கட்டணம் கேட்டார்கள். யூசுப் கொடுத்த பன்னிரண்டாயிரம் அதற்குப் போனது. திங்கட்கிழமை அருளுக்குச் செக் கிடைத்தது. அஞ்சலை வந்து சாக்பீஸ் கோட்டைத் தானே அழித்து, ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போனாள். ரவிச்சந்திரனின் சொந்தக் கார்டுகள் ஆறும் அப்படியே நின்றன. பூஜ்ஜியம் இருந்த இடத்தில் இப்போது மாதத்துக்கு மூன்றரை சதவீதம் வந்து உட்கார்ந்திருந்தது. தெரியாத எண்களிலிருந்து காலை எட்டு மணிக்கே போன் வந்தது. அவர் அதை எடுக்காமல், தலையணைக்கு அடியில் வைத்து அமுக்கினார்.

இந்த நிலையில்தான் அவருடைய புகழ் பரவத் தொடங்கியது. கேட்ட மறுநாளே இரண்டு லட்சத்தைத் தூக்கிக் கொடுத்த மனிதர் என்று அருள் கேன்டீனில் ஒருவர் விடாமல் சொல்லியிருந்தான். அந்த வாரக் கடைசியில், தொழிற்சாலையின் பெயிண்ட் ஷாப்பில் வேலை பார்க்கும் வினோத் வீடு தேடி வந்தான்.

"அண்ணே, புதுக் கார்டு வந்திருக்கு. ஆறு மாசத்துக்கு வட்டியே கிடையாதாம். சும்மாத்தான் கிடக்குது, நீங்க யூஸ் பண்ணிக்குங்க. பாயிண்ட் மட்டும் எனக்கு வந்தாப் போதும்ணே."

கார்டை டீப்பாயின் மேல் வைத்தான். நீல நிறம், இன்னும் பாதுகாப்புத் தாள்கூடப் பிரிக்கவில்லை. ஆறு மாதம். மூன்று கார்டுகளை இதில் அடைத்துவிடலாம். அதற்குள் சந்தை கொஞ்சம் தலை தூக்கினால், ஆரம் முதலில் வரும், அப்புறம் வளையல். அவர் மனம் கூட்டிக் கழித்துக்கொண்டுதான் இருந்தது.

உள்ளேயிருந்து கஸ்தூரி குரல் கொடுத்தாள். "வினோத், காபி போட்டிருக்கேன், குடிச்சிட்டுப் போப்பா. போகும்போது மறக்காம அந்தக் கார்டை எடுத்துட்டுப் போ."

வினோத் சிரித்தான். காபியைக் குடித்தான். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கை நீட்டினான். நீட்டின கை பாதியில் நின்றது.

"அண்ணே" என்றான் மெதுவாக, "நீங்க விரலை எடுத்தாத்தான் நான் எடுக்க முடியும்."