தம்பியைத் திருப்பிப் படுக்க வைக்க ஓர் அனுமதி

வெந்நீரில் ஊறிய காலைத் துண்டால் ஒற்றி எடுத்து, மடியில் வைத்துக்கொண்டு, அலாரம் நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். கால், எங்கள் முதியோர் இல்லத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டருடையது. அந்த வயதில் நகம் கொம்பு மாதிரி இறுகிவிடும். சர்க்கரை நோய் வேறு. கத்தரி சதையில் பட்டால் புண் ஆற மாதக்கணக்கில் ஆகும். அதனால் கட்டைவிரல் ஓரத்தைத் துளித்துளியாகக் கத்தரித்தாள்.

"இன்னும் எவ்வளவு நேரம்மா? ஒரு ரயிலே போயிடும் போலிருக்கே."

"போகட்டும் சார். நீங்க கொடி காட்டினாத்தானே போகும்? காலை ஆட்டாதீங்க."

அவளுக்கு அலாரம் என்ற பெயரை வைத்ததே அவர்தான். தினமும் காலையில் ஜன்னல் திரையைச் சர்ரென்று இழுத்து, "மணி ஆறு, எழுந்திருங்க!" என்று அவள் போடும் சத்தத்துக்குக் காது கேட்காதவர்கள்கூடக் கண் விழிப்பார்கள். அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

நானும் அவளும் நோயாளி பராமரிப்புக்கு ஒரே வகுப்பில் பயிற்சி எடுத்து, இந்த இல்லத்திலேயே ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தோம். அவள் கணவன் போய்ச் சேர்ந்து வெகுகாலம். பிள்ளை இல்லை. இருந்தது ஒரே தம்பி. அம்மா போனபோது அவன் பால்பல் விழாத பையன். இவள்தான் குளிப்பாட்டி, பள்ளிக்கூடம் அனுப்பி, ஆளாக்கி, கடைசியில் வெளிநாட்டு வேலைக்கு விமானமும் ஏற்றிவிட்டாள். போனவன் அங்கேயே குடும்பத்தோடு தங்கிவிட்டான்.

அன்று நகம் வெட்டும்போதுதான் அவளுடைய போன் அடித்தது. அவள் எடுக்கவில்லை. பத்து விரலையும் முடித்து, காலுக்கு எண்ணெய் தடவி, கையைக் கழுவிய பிறகே திருப்பி அழைத்தாள். எடுத்தது தம்பி மனைவி. தம்பிக்கு நரம்பு நோய் என்பது எங்களுக்கு முன்பே தெரியும். இப்போது விழுங்கவும் முடியாமல் போய், வயிற்றில் குழாய் போட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த நோயில் அப்படி அனுப்பினால், இனி வைத்தியம் இல்லை என்று அர்த்தம்.

"அண்ணி, உங்களையேதான் கேக்கறார். எனக்கும் முடியல அண்ணி. பிள்ளைங்களையும் பாத்து, இவரையும் பாத்து..."

"அழறதை அப்புறம் வெச்சுக்கலாம். போனை அவன் காலுக்குக் காட்டு."

திரையில் கால் தெரிந்தது. குதிகாலில் ஒரு சிவப்பு வட்டம்.

"குதிகால் மெத்தையில அழுந்துதே, யாருமே பாக்கலையா? மூணு நாள்ல தோல் பிஞ்சுடும்." சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "நான் போறேன். என்ன ஆனாலும் போறேன். ஊர்ல இருக்கிற கிழவர் கிழவிக்கெல்லாம் செஞ்சாச்சு, இவனுக்கு நான் செய்யாம யாரு செய்வா?"

அன்று மாலையே பழைய பருத்திப் போர்வையைக் கத்தரித்து, குதிகால் படுக்கையில் படாமல் தூக்கிப் பிடிக்க இரண்டு சின்னத் தலையணை தைக்க ஆரம்பித்தாள்.

அந்த நாட்டுக்குக் கொஞ்ச நாள் போய்வர, கணினியில் விண்ணப்பித்தால் போதும். பயண அனுமதி மின்னஞ்சலிலேயே வந்துவிடும், பெரும்பாலும் மறுநாளே. கடைத்தெருவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவரிடம் போனோம். போட்டோ எடுக்கும்போது, "சிரிக்காதீங்கக்கா" என்றார்.

"சிரிச்சா உள்ள விட மாட்டாங்களா?"

"கண்ணாடியையும் கழட்டணும்."

"கழட்டிட்டா நீ சிரிக்கிறியா முறைக்கிறியான்னே எனக்குத் தெரியாதேப்பா."

பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, தங்கும் முகவரி எல்லாம் மளமளவென்று ஏறின. குற்ற வழக்கு உண்டா என்று கேட்டபோது, "ஸ்டேஷன் மாஸ்டரைக் கேட்டா தினம் காலையில நான் பண்றது குற்றம்தான்னு சொல்வார்" என்றாள். அடுத்து, பயண நோக்கம்.

"உறவினரைப் பாக்கன்னு போட்டுடறேன்" என்றார் கடைக்காரர்.

"பாத்துட்டு வர்றதுக்கா போறேன்? பாத்துட்டு ஆரஞ்சுப்பழம் குடுத்துட்டு வர்றவங்க நிறையப் பேர் இருக்காங்க. விவரம் எழுத இடம் இருக்கா?"

"இருக்கு. ஆனா வேணும்னாத்தான் எழுதலாம்க்கா. காலியா விட்டாலும் ஒண்ணுமில்ல."

"காலியா விடறதா?"

அதிர்ந்துபோய் என்னைப் பார்த்தாள். எனக்கும் அது அதிர்ச்சிதான். எங்கள் தொழிலில் ஷிப்ட் முடியும்போது என்ன செய்தோம், அடுத்தவர் என்ன செய்ய வேண்டும் என்று ஒன்றுவிடாமல் எழுதிவைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். எழுதாத வேலை செய்யாத வேலை. அப்படியே பழகிவிட்டோம். அவள் சொல்லச் சொல்லக் கடைக்காரர் தட்டினார்: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பது, குழாயில் உணவு கொடுப்பது, உடம்பு துடைப்பது, படுக்கைப் புண் வராமல் பார்ப்பது. இருபது வருட அனுபவம் உண்டு. பயிற்சிச் சான்றிதழும், இவரைப் போல் பொறுப்பானவர் கிடையாது என்று எங்கள் மேனேஜர் அம்மா எழுதிய கடிதமும் கூடவே சேர்ந்துகொண்டன.

"இவ்வளவு தேவையாக்கா?" என்று இன்னொருமுறை கேட்டார் அவர்.

"தெரியாத ஆளை யார் உள்ள விடுவா? நான் எதுக்கு வர்றேன்னு அவங்களுக்குத் தெரிய வேணாமா?"

மறுநாள் பதில் வரவில்லை. அடுத்த வாரம் வந்தது. கடைக்காரர் படித்துவிட்டு எழுந்து நின்றார்.

"அக்கா, இல்லைன்னுட்டாங்க. நீங்க அங்க வேலை பாக்க வர்றீங்களாம். பராமரிப்பு வேலைக்கு வர்றவங்களுக்கு இந்த அனுமதி கிடையாதாம். தனி விசா வாங்கணுமாம்."

"வேலையா? என் தம்பிக்குத் துணி மாத்தறது வேலையா?"

"நாம எழுதினதை வெச்சு அப்படி எடுத்துக்கிட்டாங்க."

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். என் பக்கம் திரும்பி, "பீ மூத்திரம் அள்றதெல்லாம் ஒரு வேலையான்னு என் மாமியார் சாகிறவரைக்கும் கேட்டுச்சு. சம்பளம் கூட்டிக் கேட்டா மேனேஜரும் அதையேதான் கேட்டாங்க. வேலைதான்னு ஒத்துக்கிறதுக்கு இந்த விசா ஆபீஸ் ஆள்தானா கிடைச்சான்?" என்றாள்.

கடைக்காரர் அப்போதே இன்னொரு முறை, வெறுமனே உறவினரைப் பார்க்க என்று போட்டுப் பார்த்தார். ஒருமுறை மறுக்கப்பட்டவர்களுக்கு அந்தக் குறுக்குவழி மூடிவிடும் போலிருக்கிறது. விசா அலுவலகத்துக்கு நேரில் வரச்சொல்லிக் காட்டியது. நேர்காணலுக்கு இருந்ததிலேயே அருகில் உள்ள தேதி, இரண்டரை மாதம் தள்ளி. அதையே பதிவு செய்துவைத்தோம். விழுங்க முடியாத உடம்புக்கு இரண்டரை மாதம் என்றால் என்ன என்று எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதன்பிறகு தினமும் மதியம், சாப்பாட்டு நேரத்தில், போனைத் தண்ணீர் ஜாடியில் சாய்த்து வைத்துக்கொண்டு இங்கிருந்தே வேலை நடத்தினாள். அங்கே அது காலை நேரம்.

"முட்டியை மடக்கு முதல்ல. தோளைப் பிடிச்சு இழுக்காத, இடுப்பில கை குடுத்து உருட்டு. சப்பாத்திக் கட்டையா உருட்டறே? மெதுவா."

"எனக்கு வரல அண்ணி."

"வரும். எனக்கு மட்டும் பிறந்தப்பவே வந்துச்சா?"

தம்பிக்குப் பேச்சு குழறும். ஆனாலும் ஒருநாள் வாயைக் கூட்டிக்கூட்டிச் சொன்னான்: "அக்கா... நீ வராததும்... நல்லதுதான். காலையில ஆறு மணிக்கு... எழுப்புவே."

"வர்றேன்டா. திரையை இழுக்கிற இழுப்பில உன் நோயே ஓடும், பாரு."

அவன் சிரித்தான். சிரிப்பு இருமலானது. "தலையைப் பக்கவாட்டில திருப்பு, சீக்கிரம்!" என்று இவள் கத்தினாள். அங்கே தம்பி மனைவி திருப்பினாள். அடங்கியதும் இருவருக்கும் மூச்சு வாங்கியது. இவளுடைய கை மட்டும் திரைக்கு இந்தப் பக்கம், காற்றில், ஒரு தலையைத் தாங்கியபடி அப்படியே நின்றது. நான் தண்ணீர் கொடுத்தேன்.

தலையணை இரண்டையும் எப்போதோ தைத்து முடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாள். அதன்மேல் கம்பளிச் சட்டை. பெட்டி பூட்டாமல் கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

நேர்காணலுக்கு இன்னும் பல வாரம் இருந்தது. ஒரு பகல், ஸ்டேஷன் மாஸ்டருக்குக் கரண்டியால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. வழக்கமான நேரம் அல்ல. கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டு எடுத்தாள்.

கேட்டுக்கொண்டாள். பிறகு எங்களிடம் பேசும் அதே குரலில் பேசினாள்.

"சரி. குழாயை நீ தொடாத, நர்ஸ் வந்து எடுக்கட்டும். கண்ணை மூடி, விரலைக் கொஞ்ச நேரம் அப்படியே வை. மூடிக்கும். தாடைக்குக் கீழ துண்டைச் சுருட்டி வை. கையை நேரா வை. பதறாத, உடம்பு விறைக்க இன்னும் நேரம் இருக்கு. நான் சொல்றேன், நீ செய்."

தம்பி மனைவி செய்தாள். விசும்பல் எங்களுக்கும் கேட்டது.

"இப்ப போனை அவன் கைக்குக் காட்டு. நகம் வெட்டியிருக்கியா?"

"போன வாரம் வெட்டினேன் அண்ணி."

பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"சரியாத்தான் வெட்டியிருக்கே" என்றாள்.

போனை வைத்துவிட்டு என்னிடம் கரண்டிக்குக் கை நீட்டினாள். நான் தரவில்லை. அவளை உடை மாற்றும் அறைக்கு அனுப்பிவிட்டு மீதிக் கஞ்சியை நானே ஊட்டினேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே தண்ணீர்க் குழாயை நன்றாகத் திறந்துவிட்டிருந்தாள். தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. மேனேஜர் அம்மா எத்தனை நாள் வேண்டுமானாலும் விடுப்பு எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

மறுநாள் காலை அவள் வந்தாள். வரும் வழியில் கம்ப்யூட்டர் கடைக்காரர் வீட்டுக் கதவைத் தட்டி, விசா நேர்காணல் தேதியை ரத்து செய்யச் சொல்லியிருக்கிறாள். "அந்த இடம் இன்னொருத்தருக்காவது கிடைக்கட்டும்" என்றாளாம். தோள்பையில் அந்த இரண்டு தலையணைகளும் இருந்தன. ஸ்டேஷன் மாஸ்டரின் போர்வையை விலக்கி, கணுக்காலைத் தூக்கி, ஒவ்வொன்றாக அடியில் வைத்தாள். குதிகால் மெத்தையில் படாமல் நின்றது. ஒரு விரலை நடுவில் விட்டு இடைவெளி சரியா என்று பார்த்தாள்.

அவர் கண்ணைத் திறந்தார். "என்னம்மா இது, புதுசா இருக்கு?"

"தச்சு வெச்சிருந்தேன் சார்" என்றாள். பிறகு ஜன்னலுக்குப் போய்த் திரையை இழுத்தாள்.