செய்யாததை ஒப்புக்கொள்ளாத டெல்ஃபா

டெல்ஃபா ராட்லிஃபுக்கு வாய் நீளம். பகையாளிகள் சொல்வதற்கு முன்னால் அவளே அதைச் சொல்லிவிடுவாள். எங்கள் கென்டக்கி மலைப்பக்கத்தில், நெடுஞ்சாலை ஓரத்துப் பெட்ரோல் பங்க் அடுக்களையில் விடியற்காலையில் பிஸ்கட் ரொட்டி சுடுகிறவள் அவள்தான். ரொட்டி கருகிவிட்டது என்று எவனாவது லாரிக்காரன் முனகினால், "கருகுனதத் தின்னா குரல் நல்லா வரும், உனக்குத் தேவைதான்" என்பாள். அவனும் சிரித்துக்கொண்டே இன்னொன்று வாங்கித் தின்பான்.

அதே வாயால் அவள் ஒரு காலத்தில் சொன்ன பொய்களுக்குக் கணக்கில்லை. முதியோர் இல்லத்து வேலையில் படுக்கையாய்க் கிடந்தவர்களைத் தூக்கித் தூக்கி இடுப்பு போயிற்று. டாக்டர் வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். வலி போன பிறகும் மாத்திரை போகவில்லை. மாத்திரை கிடைக்காத காலத்தில் மெத் என்கிற போதைப்பொடி வந்தது. அதற்குக் காசு வேண்டி அவளே அதை விற்கத் தொடங்கினாள். மகள் ரெனெட்டா பள்ளிக்கூடம் விட்டு வந்து கேட்பாள்: "அம்மா, இன்னைக்கு எடுத்தியா?" டெல்ஃபா மகளின் தலையில் கைவைத்து, "உன் தலைமேல சத்தியமா இல்ல" என்பாள். கண் செருகிக் கிடக்கும்போதே அப்படிச் சொல்வாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை அவள் மூன்று வேளையும் செய்தாள். பதினாறு வயதில் ரெனெட்டா சித்தி வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை.

பிறகுதான் போலீஸ் பிடித்தது. நாலு வருஷம் ஜெயில், அல்லது போதை சிகிச்சைக் கோர்ட். டெல்ஃபா இரண்டாவதை எடுத்துக்கொண்டாள். ஜெயிலைவிட அது லேசு என்று நினைப்பவர்கள் ஒரு மாதம் இருந்து பார்க்கட்டும். தினமும் காலையில் ஒரு நம்பருக்குப் போன் போட வேண்டும். நமக்கென்று ஒதுக்கிய நிறத்தின் பெயரை மெஷின் சொன்னால் அன்றைக்குப் போய், ஒரு பெண் அதிகாரி பக்கத்தில் நின்று பார்க்க, கப்பில் சிறுநீர் கொடுக்க வேண்டும். டெல்ஃபாவுக்குக் கொடுத்த நிறம் பழுப்பு. "கருகுன ரொட்டி நிறம், எனக்குன்னு பாத்துப் பொறுக்கியிருக்கானுங்க" என்பாள். சிகிச்சைக் கூட்டம், வேலை, வாரம் ஒரு முறை நீதிபதி முன்னால் எல்லோரும் கேட்க நடந்ததைச் சொல்வது. அவள் ஒரு நாள் தவறவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் சுத்தமாக இருந்தாள். ரெனெட்டா ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் வந்து, பீன்ஸும் சோள ரொட்டியும் சாப்பிட்டுப் போகத் தொடங்கியிருந்தாள். எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகிறவள்போல, மேலே போட்ட கோட்டைக் கழற்றாமலேதான் சாப்பிடுவாள். ஆனாலும் வந்தாள்.

அந்தக் கோர்ட்டில் ஒரு வழக்கம் உண்டு. நீதிபதி ஹோபர்ட் ஸ்லோன் அடிக்கடி சொல்வார்: "வழுக்கி விழுந்தா தூக்கி விடுவேன். பொய் சொன்னாத்தான் தண்டிப்பேன்." யாராவது தானாக எழுந்து "நான் தப்புப் பண்ணிட்டேன்" என்று ஒப்புக்கொண்டால், வார இறுதியில் இரண்டு ராத்திரி உள்ளே வைத்துவிட்டு விட்டுவிடுவார். நீதிபதி முதற்கொண்டு அத்தனை பேரும் கை தட்டுவார்கள். இல்லை என்று சாதித்து, அந்தச் சிறுநீரைப் பெரிய லேபுக்கு அனுப்பி, அங்கேயும் ஆமாம் என்று வந்தால் கோர்ட்டை விட்டே வெளியேற்றம். நேரே ஜெயில். கொள்கை நல்லதுதான். ஆனால் நல்ல கொள்கையிலும் எலி பொந்து போடும். செய்யாதவன் என்ன செய்வான் என்று அங்கே யாரும் கேட்டதில்லை.

மார்ச் மாதம் ஒரு நாள் பழுப்பு நிறம் வந்தது. கப்பில் ஒட்டியிருந்த சோதனைப் பட்டையில் கோடு தப்பாக விழுந்தது. மெத்.

கண்காணிப்பு அதிகாரி கெண்ட்ரிக் நல்ல மனுஷன்தான். கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னான்: "டெல்ஃபா, ஒத்துக்கோ. ரெண்டு ராத்திரியோட போயிடும்."

"நான் எடுக்கல. நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை போடறேன். போன வாரமே உன்கிட்ட சொல்லித்தானே வாங்குனேன்?"

"எல்லாருக்கும் ஒரு நெஞ்செரிச்சல் மாத்திரை இருக்கு."

"எல்லாரும் எனக்கு எதுக்கு? லேபுக்கு அனுப்பு."

"அனுப்புனா என்ன ஆகும்னு தெரியுமில்ல?"

"எனக்குத் தெரியும். உனக்குத்தான் தெரியல."

வெளியே வராந்தாவில் ஜார்விஸ் நின்றுகொண்டிருந்தான். கூரை போடும் வேலைக்காரன், இதே கோர்ட்டில் அவளுக்கு முன்னால் சேர்ந்தவன். அவளை ஓரமாக இழுத்துக்கொண்டு போனான்.

"அக்கா, பிடிவாதம் பண்ணாத. எனக்கும் ஒரு தடவை கோடு தப்பா விழுந்துச்சு. சத்தியமா நான் தொடல. ஆனா 'ஆமா'ன்னு சொல்லிட்டேன். கை தட்டுனாங்க. ரெண்டு ராத்திரி தூங்கிட்டு வந்தேன். யாருக்கு என்ன நஷ்டம்?"

டெல்ஃபா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "திங்காத உப்புக்கு நான் எதுக்குடா தண்ணி குடிக்கணும்?"

"ஜெயிலுக்குப் போகாம இருக்கறதுக்கு."

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அவளுக்குப் பயம் இல்லை என்று சொன்னால் அது கட்டுக்கதை. காரைத் திறக்கப் போனபோது சாவி இரண்டு தரம் கீழே விழுந்தது. லேபும் மனிதர்கள் நடத்துவதுதானே, அங்கேயும் பிசகு நடந்துவிட்டால்? நாலு வருஷம். ஆனால் கோர்ட்டில் "ஆமாம்" என்று சொன்னால் அது ரெனெட்டாவின் காதுக்குப் போகாமல் இருக்காது. கோட்டோடு எழுந்து போகிறவள் அப்புறம் எந்த ஞாயிற்றுக்கிழமையும் வரமாட்டாள். பொய் சொல்லியே இழந்த மகளை, இன்னொரு பொய் சொல்லி இன்னொரு தரம் இழப்பதா? டெல்ஃபாவுக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது.

வியாழக்கிழமை நீதிபதி கேட்டார். "டெல்ஃபா, உனக்கு இன்னொரு சந்தர்ப்பம் தர்றேன். எடுத்தியா?"

"இல்ல ஐயா."

"யோசிச்சுச் சொல்லு."

"யோசிக்கறதுக்கு என்ன இருக்கு? எடுத்த நாள்லயெல்லாம் இல்லன்னு சொன்னேன், எல்லாரும் நம்புனாங்க. எடுக்காத நாள்ல சொல்றேன், நம்ப மாட்டேங்கறீங்க. என்னவோ போங்க."

யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. லேப் முடிவு வரும்வரை உள்ளூர் ஜெயிலில் வைக்கச் சொன்னார். அவள் தானாகவே கைகளை நீட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை ரெனெட்டா ஜெயிலுக்கு வந்தாள். கண்ணாடிக்கு இந்தப்புறமும் அந்தப்புறமுமாக உட்கார்ந்து, ஆளுக்கொரு போனைக் காதில் வைத்துக்கொண்டார்கள்.

"எடுத்தியாம்மா?"

"இல்லடி."

"இதையேதான் அப்பவும் சொன்ன. இதே மூஞ்சிய வச்சுக்கிட்டு. என் தலைமேல கைய வச்சு சொன்ன."

புலி வருது புலி வருது என்று ஊரையே ஏய்த்தவள் டெல்ஃபா. இப்போது உண்மையைச் சொன்னால் யார் நம்புவார்கள்?

"சரி, என்னை நம்பாத," என்றாள் கடைசியில். "லேபுக்குப் போன அந்தக் கப்புல இருக்கறத நம்பு. அது உன் தலைமேல சத்தியம் பண்ணல. நான் மட்டும் செய்யாததச் செஞ்சேன்னு சொல்ல மாட்டேன். ஜட்ஜுக்காகவும் மாட்டேன், உனக்காகவும் மாட்டேன்."

ரெனெட்டா போனை மாட்டிவிட்டுப் போனாள். டெல்ஃபா அன்று இரவு முழுக்க அழுதாள். காலையில் எழுந்து, ஜெயில் கஞ்சியில் உப்பில்லை என்று காவலாளியிடம் சண்டை போட்டாள்.

அடுத்த வியாழக்கிழமை அவளைக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கடைசி வரிசையில் ரெனெட்டா உட்கார்ந்திருந்தாள். நீதிபதி மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு லேப் முடிவைப் படித்தார். மெத் இல்லை. எந்தப் போதையும் இல்லை. கப்பை ஏமாற்றியது நெஞ்செரிச்சல் மாத்திரை.

"டெல்ஃபா, இந்தக் கோர்ட்டு உன்கிட்ட மன்னிப்பு கேக்குது," என்று சொல்லி, அவரே கை தட்ட ஆரம்பித்தார். வழக்கப்படி எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள்.

டெல்ஃபா கையைத் தூக்கினாள். "நிறுத்துங்க."

ஓசை அடங்கியது.

"போன வாரம் பொய் சொல்லியிருந்தா அன்னைக்கே தட்டியிருப்பீங்க. உண்மையச் சொன்னேன், விலங்கு மாட்டுனீங்க. இந்தக் கைதட்டு எனக்கு வேண்டாம். ஐயா, இந்த ரூமுல ஜெயிலுக்குப் பயந்து செய்யாத தப்ப ஒத்துக்கிட்டவங்க இருக்காங்க. நான் பேர் சொல்ல மாட்டேன். நீங்களே கேட்டுப் பாருங்க."

கெண்ட்ரிக் தரையைப் பார்த்தான். நீதிபதிக்கு முகம் சிவந்தது. கோபத்தில் ஏதாவது சொல்லப் போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் லேப் தாளை மேஜையில் வைத்தார். பிறகு கேட்டார்: "அப்படி யாராவது இருக்கீங்களா? தண்டனை கிடையாது. என் வாக்கு."

முதலில் ஜார்விஸ் எழுந்தான், தொப்பியைக் கசக்கிக்கொண்டு. பிறகு முன்வரிசையில் ஒரு பெண். பிறகு சுவரோரம் ஒரு கிழவர். பிறகு இன்னும் சிலர். நீதிபதி ஒவ்வொருவரையும் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர்கள் ஒவ்வொருவருக்கும் அவர் கை தட்டியிருந்தார். "இனிமே லேப் முடிவு வர்ற வரைக்கும் இங்க யாரும் யாருக்கும் தட்ட வேண்டாம். யாரையும் உள்ள வைக்கவும் வேண்டாம்," என்றார். அன்றைக்குக் கோர்ட்டை அத்தோடு கலைத்துவிட்டார்.

வராந்தாவில் ரெனெட்டா காத்திருந்தாள். "அம்மா, முடிவு வர்றதுக்கு முன்னாடியே நான் நம்பியிருக்கணும்."

"ஏன் நம்பணும்? நம்பாதன்னு உனக்குச் சொல்லிக் குடுத்தவளே நான்தான். அந்தப் பாடத்த ஒரு வாரத்துல மறந்துடுவியா?" டெல்ஃபா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "கேட்டுக்கிட்டே இரு. தினம் கேளு. எனக்கு ஒண்ணும் கோவமில்ல."

ரெனெட்டா கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். "இன்னைக்கு எடுத்தியாம்மா?"

"இல்லடி."

"சரி," என்றாள் ரெனெட்டா.