தூங்கும்போது மட்டும் அடங்கிய கைகள்

தெஹியோவிட்டப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில், குடியிருக்கிறோம். மழைக்காலம் முழுவதும் சுவர் ஈரமாகவே இருக்கும். ஒரே காம்பராவில் ஏழு பேர் படுப்போம். மகள் கவிதாவுக்குத் தொண்டை வலித்தபோது கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன், வலி போய்விட்டது.

சில வாரங்களில் அவள் கைகள் தாமாக ஆடத் தொடங்கின. சோற்றுக் கோப்பை நழுவியது. முகம் யாரையோ பழிப்பதுபோல் கோணியது. "நான் ஆட்டல அம்மா, அதுவா ஆடுது" என்று அழுதாள். தூங்கியதும் எல்லாம் அடங்கிவிடும். விழித்ததும் ஏதோ உள்ளே புகுந்ததுபோல் மறுபடி ஆடும். அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது.

"ரப்பர் மலையிலருந்து ஏதோ பின்னால வந்திருச்சு அக்கா, பேயோட்ட கோடாங்கிய கூப்பிடுங்க" என்றாள் பக்கத்துக் காம்பரா செல்வி. படித்தவளாயிருந்தும் கூப்பிட்டேன். உடுக்கை ஒலிக்க ஒலிக்க, கைகள் இன்னும் வேகமாக ஆடின.

"பாத்தீங்களா, பதில் சொல்லுது!" என்றார் கோடாங்கி. கவிதா மூச்சுத் திணறி நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். முன்பு தொண்டை வலித்ததா, ஒரே அறையில் எத்தனை பேர் படுக்கிறீர்கள் என்று டாக்டர் சிங்களத்தில் கேட்டார். தொண்டைப் புண்ணுக்குப் பின் வந்த வாதக் காய்ச்சலாம், கை ஆடியதும் அதனால்தானாம். நெருக்கமும் ஈரமுமான வீட்டுப் பிள்ளைகளுக்கே இது அதிகமாம். தாமதித்திருந்தால் இதயம் கெட்டிருக்கும் என்றார்.

இப்போது கைகள் ஆடுவதில்லை. மறுபடி வராமலிருக்க மாதந்தோறும் ஊசிக்குக் கூட்டிப் போகிறேன். சுவர் இன்னும் ஈரம்தான். நேற்று அந்தச் சுவருக்கு அப்பால் செல்வியின் மகள் தொண்டை வலியில் முனகுவது கேட்டது. குடையோடு போய்க் கதவைத் தட்டினேன்.

"கொத்தமல்லிய எறக்கி வை செல்வி. புள்ளைய தூக்கு, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."