இராமையா போட்ட தலைவரி

ரங்கூனில் போட்டாதாங் ஆற்றங்கரையோரம் கயிறும் தார்ப்பாயும் விற்றுக்கொண்டிருந்த இராமையா என் அக்காள் சொர்ணம்மாளின் புருஷன். போன வருஷம்தான் போய்ச் சேர்ந்தார். ரங்கூனிலேயே பிறந்து ரங்கூனிலேயே செத்த மனிதர். ஆனால் அரசியலில் அவர் லண்டன்காரர்.

எண்பத்தெட்டில் பட்டாளம் ஆட்சியைப் பிடித்த பிறகு எங்கள் ஊர் டீக்கடையில் உள்ளூர் அரசியல் பேசினால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். பேசாமல் இருக்கவோ நாக்கு விடாது. அதனால் பிரிட்டிஷ் அரசியலைப் பேசினோம். அத்தான் கன்சர்வேடிவ் கட்சி. பிரதமர் தாட்சர் அம்மையார் சர்க்கார் டெலிபோனைத் தனியாருக்கு விற்றார், காஸை விற்றார், தண்ணீரையும் விற்றார் என்று ரேடியோவில் கேட்டுவிட்டு, லாபம் தன் கடைக்கே வந்ததுபோல் ஊருக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுப்பார். படகுத்துறையில் மூட்டை தூக்கும் சின்னத்தம்பி லேபர் கட்சி. இராமையா அந்தப் பக்கம் என்பதைத் தவிர அவருக்கு வேறு காரணம் கிடையாது.

இதோடு விட்டிருந்தால் தொல்லையில்லை. அத்தான் எங்கள் தெருக் காளியம்மன் கோயிலுக்குத் தர்மகர்த்தாவாகவும் இருந்தார். ஆடித் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வாங்குவது எங்கள் வழக்கம். வீட்டுக்கு ஒரு வரி. அதைக் கட்டும் குடும்பத் தலைவருக்குக் கூட்டத்தில் ஒரு ஓட்டு. 1990இல் இங்கிலாந்தில் வீட்டு வரியை எடுத்துவிட்டு, ஆளுக்கு இவ்வளவு என்று தலைவரி போட்டார்கள். அதை எதிர்த்து லண்டனில் கலவரமே நடந்தது. அத்தான் காதில் கலவரம் ஏறவில்லை, வரி மட்டும் ஏறியது.

எங்கள் கோயிலிலும் பதினெட்டு வயதான ஒவ்வொரு தலைக்கும் வரி என்று அறிவித்துவிட்டார். அவர் வீட்டில் இரண்டே தலை. சின்னத்தம்பி வீட்டில் கல்யாணமாகாத பெண்களே ஐந்து பேர். இதில் யாருக்கு லாபம் என்று அம்மனுக்கே தெரியும்.

வசூலுக்கு அவரோடு நானும் போய்த் தொலைத்தேன். நாங்கள் முன்வாசலில் நுழைந்தால் சின்னத்தம்பியின் பெண்கள் பின்சுவர் ஏறிப் பக்கத்து வீட்டுக்குப் போனார்கள். நாங்கள் பக்கத்து வீட்டுக்குப் போனால் அந்த வீட்டாரையும் சேர்த்துக்கொண்டு திரும்பி இங்கே வந்தார்கள். மீசை முளைத்த பையன்களுக்கெல்லாம் பதினாலு வயது என்று தாய்மார்கள் சத்தியம் செய்தார்கள். எதிர்வீட்டுத் தேவராஜ் மாந்தலே ஊருக்குப் போயிருப்பதாக அவர் மனைவி சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளே அவர் குறட்டை விட்டார். ஆடி மாதம் முழுக்கத் தெருவில் பாதிப் பேரைக் காணோம். கூழ் ஊற்றிய அன்று மட்டும் எல்லாத் தலைகளும் திரும்பி வந்தன, தூக்குச்சட்டியோடு.

அத்தானை மடக்கியது என் அக்காள்தான்.

"எனக்கும் சேத்துத்தான கட்டுறீங்க? நானும் ஒரு தலைன்னா எனக்கும் ஒரு ஓட்டு வேணும்."

அவரால் மறுக்க முடியவில்லை. அவர் கும்பிடும் தலைவரே ஒரு பெண் அல்லவா? வரி கட்டும் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஓட்டு உண்டு, லண்டனில் அப்படித்தான் என்று அவரே பெருமையாக அறிவித்தார். மறுநாளிலிருந்து ஒளிந்திருந்த தலைகளெல்லாம் தேடி வந்து வரி கட்டின. தன் திட்டம் வென்றுவிட்டது என்று அவர் பூரித்துப்போனார். அவர்கள் கட்டியது அம்மனுக்காக அல்ல, ஓட்டுக்காக என்று எனக்குத் தெரியும்.

கார்த்திகையில் தர்மகர்த்தா தேர்தல். அதற்குச் சில நாள் முன்னால், தாட்சர் அம்மையாரைச் சொந்தக் கட்சிக்காரர்களே கைவிட்டதால் அவர் பதவி விலகுகிறார் என்று ரேடியோ சொன்னது. அத்தான் அன்றைக்குச் சோறு தொடவில்லை. கட்சித் தலைவர் தேர்தலின் முதல் சுற்றில் அதிக ஓட்டு வாங்கியவர் ஏன் போக வேண்டும் என்று என்னைப் போட்டுக் குடைந்தார். எனக்கென்ன தெரியும்?

சாமி காரியம் என்று வார்டு ஆபீஸில் அனுமதி வாங்கித்தான் கூட்டம் கூடினோம். அத்தானை எதிர்த்துச் சின்னத்தம்பி நின்றார். கை தூக்கச் சொன்னதும் அவருடைய ஐந்து பெண்களும் ஒரே வீச்சில் தூக்கினார்கள். மீசைப் பையன்கள் தூக்கினார்கள். என் அக்காளும் சின்னத்தம்பிக்கே தூக்கினாள். அத்தான் திரும்பிப் பார்த்தார்.

"புருஷனா உங்கமேல ஒரு குறையும் இல்ல," என்றாள். "வரிதான் தப்பு."

அத்தான் தோற்றுப்போனார். ஆனால் யாரும் கை தட்டவில்லை. அந்த மே மாதம் எங்கள் நாடே ஓட்டுப் போட்டிருந்தது. ஜெயித்தது யார் என்று எல்லோருக்கும் தெரியும். கார்த்திகை வந்த பிறகும் நாற்காலியில் இருந்த பட்டாளத்தார் எழுந்திருக்கவில்லை. எங்கள் கண்கள் எல்லாம் அத்தான் இடுப்பில் தொங்கிய கோயில் சாவிமேல் இருந்தன. சின்னத்தம்பிகூடத் தலையைக் குனிந்துகொண்டு, கிடைக்காது என்று முடிவு செய்துவிட்டவராக நின்றார்.

அத்தான் சாவியை அவிழ்த்தார்.

"அந்தம்மாவே போயிட்டாங்க. நான் என்ன பெரிய ஆளு? இந்தாங்க தம்பி."

அப்போதுதான் எல்லோரும் கை தட்டினோம், தோற்றவருக்கு. சின்னத்தம்பி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். ஏன் அழுகிறார் என்று யாரும் கேட்கவில்லை.