கூடாரத்துக்குப் போன அரசி

அப்பாவின் தங்கை திருநெல்வேலியில் புகுந்த வீட்டை விட்டு, திருவனந்தபுரம் கோட்டைக்குள் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து தங்கியபோது எனக்கு எட்டு வயது. அப்பா காலேஜில் இங்கிலீஷ் வாத்தியார். அத்தை கவிதை எழுதுவாள். அப்பாவின் அலமாரியில் கிடந்த பழைய கிரேக்கப் போர்ப்பாட்டை இங்கிலீஷில் படித்து, தமிழ்ச் செய்யுளாக்கத் தொடங்கினாள். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அப்பா, தானே எழுதுவதுபோலப் பெருமையடித்துக்கொண்டார்.

போரில் மாண்ட மகனின் உடலைக் கேட்டு, கிழ அரசன் எதிரியின் கூடாரத்துக்குப் போகும் இடம் வந்ததும் அந்தப் பெருமை நின்றது. அத்தையின் பாட்டில் போனது அரசன் அல்ல, அரசி.

"மூலத்துல அவ அரண்மனையில அழுதுண்டிருக்கா. நீ எப்படி மாத்தலாம்?" என்றார் அப்பா.

"மூலத்தை எழுதினவர் அழ வெச்சார் அண்ணா. நான் அனுப்பி வெக்கறேன்."

"நாலு பேர் சிரிப்பா, கேட்டியோ. மாதர் சங்கத்துல இதை வாசிக்கப்படாது."

"வாசிப்பேன்" என்றாள் அத்தை, குரலை உயர்த்தாமல்.

அதன்பிறகு அண்ணனும் தங்கையும் என் மூலமாகத்தான் பேசிக்கொண்டார்கள். மாற்றினாளா என்று அப்பா கேட்டனுப்புவார். இல்லை என்று அத்தை சொல்லியனுப்புவாள். இந்த உத்தியோகம் எனக்குப் பிடித்திருந்தது.

வரமாட்டேன் என்ற அப்பா, வாசிப்பன்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் அம்மாவோடு முன்னால் உட்கார்ந்து, தேரும் வாளும் எப்போது வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கூடார வாசலில் காவலர்கள் அரசியைத் தடுத்தார்கள். அவள் கெஞ்சவில்லை. 'பெற்றவள் நான். எடுத்துப்போகிறவளும் நானே. வழி விடு' என்று உள்ளே போய், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தாள்.

ஒருவரும் சிரிக்கவில்லை. அம்மா புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். அப்பா எழுந்து வந்து, அத்தையின் கையில் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்தார்.

திரும்பும் வழியில், "அத்தனை பெரிய ராஜகுமாரனை ஒரு பொம்மனாட்டி எப்படித் தூக்குவா?" என்று அத்தையிடம் கேட்டேன்.

"அவன் ரொம்ப லேசு" என்றாள்.

கவசம் போட்டவன் எப்படி லேசாக இருப்பான் என்று வீடு வரும்வரை யோசித்தேன். அத்தை ஒரு கைக்குழந்தையை ஜுரத்தில் பறிகொடுத்தவள் என்பதும், ஆண்கள் அதை எடுத்துப்போனபோது அவளை வாசலோடு நிறுத்திவிட்டார்கள் என்பதும் எனக்கு அன்று தெரியாது.