லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஒரு சிவப்புக் கரைப் புடவை

நான் லிஃப்ட் மெக்கானிக். பொம்பளை. கோயம்புத்தூர்க்காரி. இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னால், கொல்கத்தாவில் எதிரே நிற்பவர் அடுத்ததாக வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று கேட்பார். விவாகரத்து ஆகிவிட்டது என்று சொன்னால் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். அதனால் ஊரில் இருக்கிறார் என்று சொல்லிவிடுவேன். பொய்யில்லை. ஊரில்தான் இருக்கிறார், என் அண்ணன் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி.

கொல்கத்தாவை விட்டு நான் நகராததற்குக் காரணமே அந்த இரண்டு தெருதான். நியூ டவுனில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் எங்கள் கம்பெனி என்னைப் போட்டிருந்தது. அந்த இடம் கைவிட்டுப் போனால் கொல்கத்தாவில் எனக்கு வேறு இடம் கிடையாது. அண்ணன் வீட்டுக்குத்தான் பெட்டியைக் கட்ட வேண்டும். அங்கே அண்ணியின் முகத்தையும், காலை நடைக்குப் போகும் அந்த மனிதரின் முகத்தையும் தினமும் பார்ப்பதற்கு, லிஃப்ட் குழிக்குள் பாய் விரித்துப் படுத்துவிடலாம்.

இப்படி நான் நிம்மதியாகக் கிரீஸ் பூசிக்கொண்டிருந்த காலத்தில்தான் குடியிருப்புச் சங்கச் செயலாளருக்குக் கலாச்சாரம் பொத்துக்கொண்டு வந்தது. வீடு வாங்கப் பார்க்க வருகிறவர்கள் கீழ்க்கூடத்தில் அழுக்குப் பேண்ட்டோடு திரிகிற எங்களைப் பார்த்து முகம் சுளிக்கிறார்களாம். இனி வேலையாட்கள் எல்லோரும் வங்காளப் பண்பாடு தெரிகிற மாதிரி உடுத்த வேண்டும். ஆண்கள் பஞ்சாபி, அதாவது நம் ஊர் ஜிப்பா. பெண்கள் சிவப்புக் கரை போட்ட வெள்ளைப் புடவை. பராமரிப்பு வேலையில் பெண்கள் என்று இருந்ததே நான் ஒருத்திதான். இவ்வளவையும் அவர் தென்னைமரம் அச்சடித்த அரை டிரவுசரில் நின்றுகொண்டு எனக்கு விளக்கினார்.

மோட்டார் அறையில் சுற்றுகிற சாமான்கள் இருக்கின்றன, தொங்குகிற துணி எதுவும் அங்கே ஆகாது என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். எங்கள் வீட்டுப் பெண்கள் காலங்காலமாகப் புடவையோடு அடுப்பங்கரையில் நெருப்போடு வேலை செய்கிறார்கள், ஒன்றும் ஆகவில்லையே என்றார். அடுப்பு சுத்தாதுங்களே என்றேன். ஊக்கு குத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு நாயை நடத்திக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் கிளை மேலாளர் ஈரோட்டுக்காரர். நல்ல மனிதர், ஆனால் வாடிக்கையாளர் தும்மினால் இவருக்குச் சளி பிடிக்கும். போனில் அழைத்தேன்.

"ஏனுங்க அம்மிணி, ஒரு பொடவதானுங்க. கட்டிட்டுப் போயிருங்க."

"நீங்க ஒரு நாள் கட்டிட்டு வந்து மோட்டார் பக்கத்துல நின்னு காட்டுங்க சார். அப்புறம் நானும் கட்டறனுங்க."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். இன்னொரு புகார் வந்தால் ஆளை மாற்றச் சொல்லிவிடுவார்களாம். மாற்றினால் என்னைக் கோயம்புத்தூருக்கு அனுப்புவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லையாம்.

கட்டினேன். ஆனால் சுற்றறிக்கையில் புடவை என்றுதான் இருந்ததே ஒழிய, உள்ளே என்ன என்று எதுவும் இல்லை. பாவாடைக்குப் பதில் என் பழைய வேலை பேண்ட், ரவிக்கைக்குப் பதில் வெள்ளை டி-ஷர்ட், காலில் பாதுகாப்புக் காலணி. மேலே புடவையைச் சுற்றிக்கொண்டால் நடக்கும்போது யானை புடவை கட்டின மாதிரி இருக்கும். மொட்டைமாடி மோட்டார் அறைக்குப் போனதும் அவிழ்த்துக் கதவில் மாட்டிவிட்டு வேலை பார்ப்பேன். என் கூட்டாளி மெக்கானிக் சாந்த்ராகாச்சியிலிருந்து வருகிற வங்காளி. எனக்கு அவர் தாதா, அதாவது அண்ணன்; அவருக்கு நான் தீதி, அக்கா. அவர் பூவேலை செய்த பஞ்சாபியைக் கழற்றி என் புடவைக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டுப் பனியனோடு உட்காருவார். அந்தப் பஞ்சாபியைப் பார்த்து ஐந்தாவது மாடிப் பாட்டி ஒருத்தர் அவரைப் புரோகிதர் என்று நினைத்து லட்சுமி பூஜைக்கு நாள் கேட்டிருக்கிறார். இவரும் வெள்ளிக்கிழமை நல்லது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார், கடன்காரர்.

செயலாளரின் தங்கை எட்டாவது மாடியில் குடியிருந்தார். அவர் மகனுக்குக் கல்யாணம். பெண் வீட்டில் தாலி... இல்லை, இங்கே தாலி கிடையாது, வகிட்டில் குங்குமம் வைத்து முடித்து, மறுநாள் சாயங்காலம் மாப்பிள்ளை புதுப் பெண்ணை இங்கே கூட்டி வருகிறார். கூட்டம் அதிகம், லிஃப்ட் பக்கத்திலேயே நில்லுங்கள், புடவை பளிச்சென்று இருக்கட்டும் என்று செயலாளர் சொல்லியிருந்தார். தாதாவுக்கு அன்று விடுமுறை. எட்டாவது மாடியில், லிஃப்ட் வாசலில், பளிச்சென்று நான் மட்டும் நின்றேன்.

வீட்டு வாசலில் பெண்கள் கூடியிருந்தார்கள். எல்லோரும் அதே சிவப்புக் கரை வெள்ளைப் புடவை; இங்கே அது சுமங்கலிகள் கட்டுகிற மங்கலப் புடவை. புதுப் பெண்ணை ஆலாத்தி எடுத்து உள்ளே அழைக்கச் சுமங்கலிகள் வேண்டும். இங்கே எயோ என்பார்கள். யாரோ ஒரு மாமி வராமல் கணக்கில் ஓர் ஆள் குறைந்தது. ஒரு பருத்த அம்மாளின் கண் என்மேல் விழுந்தது. வகிட்டில் குங்குமமும் இல்லை, கையில் சங்கு வளையும் இல்லையே என்று இன்னொருத்தர் சந்தேகப்பட்டார். மதராஸிகளுக்கு அதெல்லாம் கிடையாது என்று பருத்த அம்மாள் தீர்த்துவைத்தார். நான் வாய் திறப்பதற்குள் என்னை வரிசையில் இழுத்து நிறுத்தி, கையில் ஒரு பித்தளைக் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டார்கள். உள்ளே தண்ணீரில் உயிருள்ள மீன் ஒன்று. வீட்டுக்கு வருகிற மருமகள் அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நுழைய வேண்டுமாம்.

நான் லிஃப்ட் மெக்கானிக் என்றேன். சிரித்தார்கள். எவ்வளவு இனிமையாகப் பேசுகிறாள் பார் என்று ஒருத்தர் என் கன்னத்தைத் தொட்டார். மீன் என்னைப் பார்த்தது, நான் மீனைப் பார்த்தேன். சரி, இரண்டு நிமிஷக் கூத்துதானே என்று நானும் நின்றுவிட்டேன்.

கீழே கார் வந்துவிட்டது என்று சத்தம் கேட்டது. செயலாளரே போய்ப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் லிஃப்ட்டில் ஏற்றிக்கொண்டார். பெண்கள் சங்கு ஊதிக் குலவை போட ஆரம்பித்தார்கள். லிஃப்ட் வாசலுக்கு மேலிருந்த எண் ஏழில் நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. குலவைச் சத்தத்துக்கு அடியில் அபாய மணி அடிப்பது எனக்கு மட்டும் கேட்டது. அதற்குப் பிறகு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, உள்ளேயிருந்து அந்தப் பெண் அலறினாள்.

கிண்ணத்தைக் கீழே வைக்கக் குனிந்தேன். பருத்த அம்மாள் என் கையைக் கிண்ணத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். பெண் வாசலுக்கு வரும்வரை மங்கலப் பொருளைத் தரையில் வைக்கக் கூடாது, வரிசை கலையக் கூடாது. லிஃப்ட் ஆளைக் கூப்பிடச் சொல்லியாகிவிட்டதாம். அந்த ஆள் நான்தான் என்றேன், இந்தியில். பிறகு என் ஓட்டை வங்காள மொழியில். மங்கல நேரத்தில் பதறாதே என்று முதுகைத் தடவினார்கள். உள்ளே அந்தப் பெண் மூச்சு முட்டுகிறது, திறங்கள் என்று அழுகிறாள். இரண்டு பக்கமும் வளையல் கைகள். நெட்டித் தள்ளினால் மீனும் போகும், என் வேலையும் போகும்.

எதைச் சொன்னால் விடுவார்கள் என்று சட்டென்று தெரிந்துவிட்டது. வாயில் வரவே மாட்டேன் என்றது.

"எனக்குப் புருஷன் இல்லை. டிவோர்ஸ்" என்றேன்.

எல்லாக் கைகளும் ஒரே சமயத்தில் விலகின. மாப்பிள்ளையின் அம்மா என் கையிலிருந்து கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டார். யாரும் திட்டவில்லை. ஒதுங்கினார்கள், அவ்வளவுதான். படிக்கட்டு வரைக்கும் நல்ல அகலமான வழி கிடைத்தது. மெக்கானிக் என்று மூன்று தரம் சொல்லிக் கிடைக்காத வழி. சுருக்கென்று தைத்தது. அழுவதற்கு அப்போது நேரமில்லை.

அங்கேயே நின்று புடவையை உருவித் தரையில் போட்டேன். உள்ளே பேண்ட்டைப் பார்த்து யாரோ சிவ சிவா என்றார்கள். காவலாளி ஒருவரை இழுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடினேன். மெயின் சுவிட்சை அணைத்தேன். பிரேக் நெம்புகோலை அவர் பிடிக்க, நான் சக்கரத்தைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். லிஃப்ட் எட்டாவது மாடிக்கு மட்டமாக வந்ததும் கீழே ஓடிவந்து சாவி போட்டுக் கதவைத் திறந்தேன். அலங்காரக்காரர்கள் லிஃப்ட்டுக்குள் தொங்கவிட்டிருந்த சம்பங்கிச் சரம் ஒன்று கதவு ஓடுகிற காடியில் மாட்டி நசுங்கிக் கிடந்தது. அதுதான் காரணம்.

பெண் வேர்த்துக் கொட்டி வெளியே வந்தாள். மாப்பிள்ளை அவளைவிட அதிகமாக அழுதிருந்தார். கடைசியாகச் செயலாளர் வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தீதி, புடவை எங்கே?"

உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு அவிழ்த்துப் போட்டுவிட்டேன் என்றேன். வேலை போனால் போகட்டும் என்று ஆகிவிட்டது.

வேலை போகவில்லை. இரண்டு நாள் கழித்துப் புதுச் சுற்றறிக்கை வந்தது. தாதாதான் எனக்குப் படித்துச் சொன்னார்; படிக்கும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது. லிஃப்ட் பெண் ஊழியரின் திருமண நிலையைக் கருத்தில் கொண்டு, அவர் சிவப்புக் கரைப் புடவை அணிவது பொருத்தமன்று. முன்பு போல் பேண்ட் அணியலாம். தாதாவுக்குச் சலுகை ஏதும் இல்லை. அவர் பெண்டாட்டி சௌக்கியமாக இருந்தார்.

கேட்டது கிடைத்துவிட்டது. பேசாமல் பேண்ட்டைப் போட்டுக்கொண்டு போயிருக்கலாம். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ, மறுநாள் காலையில் அதே புடவையைத் துவைத்து இஸ்திரி போட்டு, பாவாடை ரவிக்கையோடு ஒழுங்காகக் கட்டிக்கொண்டு போய்க் கீழ்க்கூடத்தில் லிஃப்ட் வாசலில் நின்றேன். மோட்டார் அறைப் பக்கம் போகவில்லை. லிஃப்ட் ஏற வந்த ஒவ்வொருவருக்கும் வணக்கம் சொன்னேன். கல்யாண வீட்டு மாமிகள் என்னைப் பார்த்துப் படியில் ஏறினார்கள். பருத்த அம்மாளும் எட்டு மாடி ஏறினார், பாவம்.

மத்தியானத்துக்குள் செயலாளர் இறங்கி வந்தார். தயவுசெய்து பேண்ட் போட்டுக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினார். நான் சொன்னேன்: "போட்டுக்கறேன் சார். பொடவை மோட்டார்ல சிக்கும்னு எழுதுங்க. என் புருஷன் எங்கிட்ட சிக்கலைன்னு எழுதாதீங்க."

எப்படியோ இந்தியில் அதைச் சொல்லிவிட்டேன். அவர் காது சிவந்துவிட்டது. சாயங்காலம் இன்னொரு தாள் ஒட்டினார்கள். இயந்திரப் பாதுகாப்பை முன்னிட்டு லிஃப்ட் ஊழியர்கள் அனைவரும் பேண்ட் சட்டைதான் அணிய வேண்டும்.

அடுத்த நாள் மோட்டார் அறையில் தாதா பழைய சட்டையில் வந்து உட்கார்ந்தார். பிரேக் நெம்புகோலில் கை வைத்தபடி ஏதோ யோசித்தார்.

"தீதி, உங்க டிவோர்ஸால எனக்கும் விமோசனம்" என்றார்.

அந்த விவாகரத்தைப் பற்றி அண்ணனிலிருந்து வக்கீல் வரை எத்தனையோ பேர் என்னிடம் பேசியிருக்கிறார்கள். எல்லோரும் இழவு வீட்டுக் குரலில்தான். வாயை மூடிக்கொண்டு பிரேக்கைப் பிடியுங்கள் என்றேன். அவர் பிடித்தார். நான்தான் சிரித்த சிரிப்பில் சக்கரத்தைத் திருப்ப முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.